எத்தனை என்று கேட்காத ஊர்

ஹார்லோ கவுண்டி, தெற்கு டகோட்டா
ஜனவரி, இரண்டாவது செவ்வாய், மதியம்

என் அன்பு மகள் பெரிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் நாயும் நலம், வண்டியும் நேற்று வரை நலம், இன்று காலை என்ன நினைத்துக்கொண்டதோ கிளம்ப மாட்டேன் என்று முரண்டு பிடித்தது, போகட்டும், இன்று நான் எங்கும் போகவேண்டியதில்லை. நீ அந்த ஹோனலூலு வெயிலில் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய அந்தத் தீவு மரத்துக் கொட்டைப் பருப்புப் பொட்டலம் வந்தது, பாதி தின்றுவிட்டேன், மீதியை உயர அலமாரிக்குள் தூக்கிப் போட்டுவிட்டேன், முழங்கால் வலிக்கு முக்காலி போட்டு ஏற முடியாதென்பதால் அது அங்கே பத்திரமாக இருக்கும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபதில் நிற்கிறது. மாடு குடிக்கும் கிழக்குத் தொட்டியின் குழாய் இரண்டு தடவை உறைந்துபோய் சுடுதண்ணீர் ஊற்றி உருக்கினேன். நீ உடனே எதற்கு அம்மா இந்த வயதில் என்று ஆரம்பிக்காதே, நான் கையுறை போட்டுக்கொண்டுதான் செய்தேன். கடலில் தனியாக நீந்தப் போகாதே என்று நான் சொல்வதை நீ எவ்வளவு கேட்கிறாயோ அவ்வளவுதான் நானும் நீ சொல்வதைக் கேட்பேன்.

இரண்டாவது செவ்வாய் என்றால் கவுண்டி அலுவலகத்தில் உழவர் குழுக் கூட்டம் உண்டே, அம்மா எப்படி வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை பார்த்தேன், நீ ஹலோ சொன்னதும் வாய் தானாக வானிலைக்குப் போய்விடுகிறது. உன் அப்பாவோடு நாற்பத்தோரு வருடம் இருந்த பழக்கம், அவரும் நெஞ்சில் ஏதாவது அடைத்தால் மழையைப் பற்றித்தான் பேசுவார்.

அக்டோபரில் வந்த புயலைப் பற்றி உனக்குப் போனில் சொன்னது பாதிதான். மாடெல்லாம் அப்போது கோடைப் புல்வெளியில்தான் இருந்தது, யாரும் கீழே இறக்கவில்லை, அக்டோபர் முதல் வாரத்தில் யார் இறக்குவார்கள், குளிர்கால ரோமம்கூட அதுகளுக்கு முளைத்திருக்கவில்லை. முதலில் பகல் முழுக்க மழை பெய்து தோல் வரை நனைத்தது, பிறகு அந்த ஈரத்தோடு பனி. மாடு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும், நிற்காது, வேலி வந்தால் வேலி மேல் ஏறிப் போகும், பள்ளம் வந்தால் பள்ளத்தில் இறங்கும். அப்படி நடந்து வந்ததுகள் நம் கீழ்ப்பள்ளத்தில் இறங்கின. நம்முடையவை மட்டும் இல்லை, வடக்கு வேலி சாய்ந்துவிட்டதால் பக்கத்து நிலத்து ஓரினுடையவையும் வந்தன. பனி மேலே மூடிவிட்டது. நான்காம் நாள் வெயில் வந்து கொஞ்சம் உருகியபோதுதான் காதுகள் தெரிந்தன. அன்று ஓரின் தன் வண்டியை மேட்டு விளிம்பு வரை ஓட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே கீழே பார்த்தார். இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் கீழே நின்று கையை உயர்த்தினேன், அதை அவர் பார்த்தாரா என்று தெரியாது.

மறுநாள் கவுண்டி நிர்வாகத்தின் பெரிய இயந்திரம் வந்து எல்லாவற்றையும் அள்ளிக் குழிக்குக் கொண்டுபோகும் என்று சொன்னார்கள். அதற்குள் நான் கத்தியும் ஐஸ்கிரீம் வாளி இரண்டும் எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, மாடுகளின் காதில் குத்தியிருந்த அடையாள வில்லைகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். மஞ்சள் நம்முடையது, நீலம் ஓரினுடையது. ஒரு வாளி மஞ்சளுக்கு, ஒரு வாளி நீலத்துக்கு. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் அறுத்தேன், ஆனால் கைக்கு வாய் இல்லாவிட்டாலும் கணக்கு இருக்கிறது பெரிட், அது தானே எண்ணிக்கொண்டது. நீல வாளியை மூடிபோட்டுக் கொட்டகையில் தீவன மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் எண்ணிவிட்டேன் என்று சொன்னதாக ஆகிவிடும்.

இது உனக்குப் புரியும், உன்னோடு வேலை பார்ப்பவர்களுக்குப் புரியாது. உன் பழைய சிநேகிதன், அந்த பாஸ்டன் பையன், முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே உன் அப்பாவைப் பார்த்து எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டானே, நினைவிருக்கிறதா. அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, 'கொஞ்சம் இருக்கு' என்றார். அவன் விடாமல் நூறா இருநூறா என்றான். அப்பா எழுந்து, 'கன்னுக்குட்டியப் பாத்துட்டு வரேன்' என்று போனவர், அவன் படுக்கப் போகும் வரை உள்ளே வரவில்லை. அது கன்று போடும் காலம்கூட இல்லை. நீ சமையலறையில் என் முதுகில் முகத்தை வைத்துச் சிரித்தாய். அப்போதே எனக்குத் தெரியும், இவன் நிலைக்க மாட்டான் என்று. வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று எவனாவது கேட்பானா, அதுபோலத்தான். இங்கே பக்கத்து வீட்டுக்காரன் பிறந்த தேதி தெரியும், அவன் வயிற்றுப் புண் தெரியும், அவன் மகள் ஏன் கல்லூரியை விட்டு வந்தாள் என்பது தெரியும், மாடு எத்தனை என்பது மட்டும் தெரியாது.

இப்போது அரசாங்கம் புயல் நிவாரணம் தருகிறேன் என்று வந்திருக்கிறது. செத்த ஒவ்வொரு மாட்டுக்கும் சந்தை விலையில் முக்கால் பங்கு. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் இந்தக் கவுண்டியில் பாதிக் கதவுகள் சாத்தியிருக்கும். ஆனால் அந்தத் தாளில் இரண்டு கட்டங்கள் உண்டு. புயல் வந்த அன்று எத்தனை இருந்தது, அதில் எத்தனை போனது. அந்தத் தாள் கவுண்டி அலுவலகத்துக்கு வந்து, அங்கே வேலை பார்க்கும் ரெனே அதைக் கோப்பில் போட்டு, குழுவில் நாங்கள் மூன்று பேர் உட்காரும் மேசைக்குக் கொண்டு வருவாள். கேலன் ஒருவர், மேற்குப் பக்கத்துச் செம்மறிக்காரர் ஒருவர், பிறகு நான். அப்பா போன மறுவருடம் ஊரார் ஓட்டுப் போட்டு என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தபோது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரியும். மாதத்தில் ஒரு நாள் தலைவாரி, நல்ல சட்டை போட்டு, முப்பத்தெட்டு மைல் ஓட்டிப் போய், ரெனேயின் தண்ணிக் காப்பியைக் குடித்து, கேலனின் பழைய ஜோக்குகளைக் கேட்டுச் சிரித்துவிட்டு வருவேன். நவம்பரிலிருந்து சிரிப்பு இல்லை. ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது, குளித்துக்கொண்டிருப்பவரின் அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவள் போல எனக்கு முகம் சுட்டது.

என் தாளும் அந்த மேசைக்கு வந்தது. உறுப்பினரின் தாள் வந்தால் அவர் வெளியே போக வேண்டும் என்பது சட்டம். நான் எழுந்து போய் நடைக்கூடத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், கோட்டை மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு நிமிடம்தான் இருக்கும். அந்தக் கதவு ஒன்றும் தடிமன் இல்லை, கேலன் தொண்டையைக் கனைப்பது கேட்டது. திரும்பி உள்ளே போனபோது இரண்டு ஆண்களும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ரெனே கேட்காமலே எனக்குக் காப்பி ஊற்றினாள். பணம் வந்தது, வைக்கோல் கடனையும் வேலிச் செலவையும் கட்டினேன். அன்று வீட்டுக்கு ஓட்டி வரும்போது ரேடியோவைப் போடவில்லை.

அதன் பிறகு நான் உணவு விடுதியில் போய் உட்கார்ந்தால் பக்கத்து மேசை அமைதியாகிவிடுகிறது. நான் வாய் திறந்து யாருடையதையும் சொல்ல மாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும், அதுவல்ல அவர்களுக்கு வேண்டியது, நான் தெரிந்தே இருக்கக் கூடாது. தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் பெண்கள் எனக்கு முதலில் கேக் வெட்டிக் கொடுக்கிறார்கள். மரியாதை கூடிவிட்டது பெரிட், பேச்சு குறைந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஓரின் மனைவி ட்வைலா மட்டும்தான். ஞாயிறு சாயங்காலம் ஓரினும் அவளும் வருவார்கள், அல்லது நான் அங்கே போவேன், சீட்டு ஆடுவோம், ட்வைலா வழக்கம்போலத் திருட்டு ஆட்டம் ஆடுவாள், ஓரின் கண்டும் காணாததுபோல் இருப்பார். அவர்கள் இருவரும் மாறவில்லை, ஏனென்றால் ஓரினின் தாள் மட்டும் மேசைக்கு வரவில்லை. நவம்பரில் வரவில்லை, டிசம்பரிலும் வரவில்லை. கடைசித் தேதி இந்த மாத முடிவு.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் ட்வைலா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், வங்கிக்காரர் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாராம், நிவாரணத் தாளைப் போட்டுவிட்டு வாருங்கள், வசந்தம் வரை பொறுக்கிறேன், இல்லையென்றால் பிப்ரவரியில் இடத்தை ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டியதுதான் என்றாராம். 'அந்த மனுஷன் பேனாவையே தொட மாட்டேங்கிறாரு ஆர்டிஸ். கேட்டா பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு சொல்றாரு. அரிசோனாவுல பையன் வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்காம், அதுல போய் உக்காந்துக்கலாமாம்' என்றாள். சொல்லிவிட்டு ஏற்கெனவே துடைத்த கோப்பையை மறுபடி துடைத்தாள். என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற விளக்கு இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று, அது ட்வைலா வீட்டு விளக்கு. அன்று சாயங்காலம் நான் பாத்திரம் கழுவ நின்று அதைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அப்பா போனபோதுகூட அப்படிப் பயப்படவில்லை, அப்போது செய்ய வேலை இருந்தது.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலை தீவனம் போட்டுவிட்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஓரின் மேசையில் உட்கார்ந்திருந்தார், ட்வைலா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்றாள். சுற்றி வளைத்துக் கேட்க எனக்கு வராது. எத்தனை போனது ஓரின் என்று கேட்டுவிட்டேன். என் வாயிலிருந்து அது வந்ததை நானே நம்பவில்லை. ட்வைலா குழாயை நிறுத்தினாள். ஓரின் என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்த பாஸ்டன் பையனை உன் அப்பா பார்த்த அதே பார்வை. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. 'ஆர்டிஸ், ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காத. ஊரு மனசுல என்னப் பத்தி ஒரு கணக்கு இருக்கு. அந்தத் தாள்ல வேற கணக்கு எழுதணும். அதப் படிக்கப் போறது நீ. ஞாயித்துக்கிழமை என் மேசைக்கு வந்து சீட்டு ஆடுறதும் நீ' என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாலு வருடம் முன்பு வந்த வறட்சியில் அவர் மாடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றிருக்க வேண்டும், தூரத்துச் சந்தையில், யாருக்கும் தெரியாமல். இப்போதும் பெரிய மந்தைக்காரர் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது, அவர் தலைக்குமேல் அந்தப் பெயர் மட்டும்தான் கூரையாக இருந்திருக்கிறது. உங்கள் தாள் வரும்போது நான் வெளியே போய்விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். 'வெளிய போவ. அந்தக் கதவு எவ்ளோ மெலிசுன்னு எனக்குத் தெரியாதா. திரும்பி உள்ள வந்து கேலன் மூஞ்சியப் பாத்தாலே உனக்குத் தெரிஞ்சிரும்' என்றார். அது நிஜம்தான், அந்த நடைக்கூடத்தில் நின்றவள் நான்தானே. ட்வைலா அதுவரை திரும்பவே இல்லை. ஓரினோ பேச்சை மாற்றி, 'காத்து தெக்க திரும்பிருச்சு போல' என்றார். நானும் ஆமாம், திரும்பிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் நான் கவுண்டி அலுவலகத்துக்குப் போய் என் நாற்காலியை எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் முழங்கால் என்று எழுதினேன். அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. எனக்குப் பதில் தெற்குக் கோடியிலிருந்து ஒரு கோதுமைக்காரி வருகிறாள், ஓரினின் மூஞ்சிகூட அவளுக்குத் தெரியாது. ரெனே முகம் வாடிப்போய், 'உங்க முழங்காலு ஏப்ரல்லயும் இப்படித்தான இருந்துச்சு' என்றாள். கெட்டிக்காரப் பெண், ஆனால் அதற்கு மேல் கேட்கவில்லை. கேலன் வாசல் வரை வந்து, 'இனிமே என் ஜோக்குக்கு யாரு சிரிப்பா' என்றார். நான் இதுவரை யாரும் சிரிக்கவில்லையே என்றேன். அந்த ஒரு தடவை அவர் நிஜமாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டகையிலிருந்து நீல வாளியை எடுத்தேன். மூடிக்கு உள்ளே ஒரு தாள் வைத்தேன். இவை என் நிலத்தில் புயலில் செத்த மாடுகளின் வில்லைகள், என் கையால் நானே அறுத்தவை, சாட்சிக்கு என் கையெழுத்து என்று மட்டும் எழுதி, இப்போது நான் குழுவில் இல்லை என்பதையும் கீழே ஒரு வரி சேர்த்தேன். வெளியாள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்பது விதி, ஓரின் என்னிடம் வந்து கேட்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். எண்ணிக்கை எழுதவில்லை, எண்ணுவது ரெனேயின் வேலை. வாளியை ஓரின் வீட்டு வாசல் கம்பத்தடியில் வைத்துவிட்டு, ஹாரன்கூட அடிக்காமல் வந்துவிட்டேன். குழிக்குப் போன மாட்டை யாரும் தோண்டி எடுக்கப் போவதில்லை, அவர் கையில் இருக்கிற ஒரே அத்தாட்சி அந்த வாளிதான்.

புத்தாண்டு வாரம் வியாழக்கிழமை, ஓரினின் வண்டி தெற்கே டவுனை நோக்கிப் போவதைப் பார்த்தேன். தலையில் தேவாலயத்துக்குப் போடும் தொப்பி இருந்தது. சனிக்கிழமை என் தபால் பெட்டிக் கம்பத்தடியில் வாளி திரும்பி வந்திருந்தது, சோப்புப் போட்டுக் கழுவி, மூடியையும் துடைத்து. உள்ளே ஒன்றுமில்லை. ஞாயிறு ட்வைலா போன் செய்தாள். 'ஏப்ரலுக்கு அம்பது கோழிக்குஞ்சு சொல்லியிருக்கேன், உனக்கு எத்தன வேணும்' என்றாள். கோழியை எண்ணிக் கேட்கலாம், அதில் குற்றமில்லை. நான் பன்னிரண்டு என்றேன். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், ஏப்ரலில் கோழி வளர்க்கப் போகிறவள் பிப்ரவரியில் அரிசோனா போக மாட்டாள்.

ஆனால் அந்த ஞாயிறு அவர்கள் சீட்டாட வரவில்லை. போன ஞாயிறும் வரவில்லை. ஓரினுக்குச் சளியாம். நான் கேட்ட கேள்வி இன்னும் அந்த மேசையில் கிடக்கிறது என்று நினைக்கிறேன். அவர்கள் வீட்டு விளக்கு எரிகிறது, அதைப் பார்க்கிறேன், அது போதும் என்றுதான் நான் கேட்டுக்கொண்டேன், கேட்டது கிடைத்துவிட்டது. இருந்தாலும் தனியாக இருக்கிறது பெரிட். இன்று காலை எழுந்து பழக்க தோஷத்தில் தலைவாரி நல்ல சட்டையைப் போட்டு, வண்டிச் சாவியை எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. வண்டியும் கிளம்பவில்லை, அதற்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. இந்நேரம் ஓரினின் தாள் அந்த மேசையில் இருக்கும். எத்தனை என்று நீ என்னைக் கேட்காதே, சொல்ல மாட்டேன், இந்தக் காகிதத்தில்கூட எழுத மாட்டேன்.

ஆனால் நீ வேறொன்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். ஒவ்வொரு போனிலும், அம்மா இப்போது எத்தனை மாடு வைத்திருக்கிறாய் என்கிறாய், நானும் உன் அப்பா மாதிரியே கொஞ்சம் இருக்கு என்று சொல்லிவிட்டு வானிலைக்குப் போய்விடுகிறேன். அலுவலக நடைக்கூடத்தில் நின்றபோது ஒன்று தோன்றியது, அது இன்று வரை என்னை விடவில்லை. கேலனுக்குத் தெரியும், செம்மறிக்காரருக்குத் தெரியும், ரெனேவுக்குத் தெரியும், வாஷிங்டனில் ஏதோ ஒரு கணினிக்குத் தெரியும். நான் பெற்ற பிள்ளைக்குத் தெரியாது.

நீ நன்றாக இரு. தீர்க்காயுசாக, மனதுக்குப் பிடித்தவர்களோடு, எந்தக் குறையும் இல்லாமல் இரு. கடலுக்குப் போனால் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. பல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதே. பருப்பு அனுப்பினால் சின்னப் பொட்டலமாக அனுப்பு.

புயலுக்கு முன்னால் எழுபத்திரண்டு இருந்தது. இப்போது பதினான்கு. அதில் ஒன்று, நீ பால்புட்டி கொடுத்து வளர்த்தாயே அந்த வெள்ளை முகத்துக்காரியின் மகள். யாரிடமும் சொல்லாதே. நீ கிளம்பி வர வேண்டும் என்று இதை எழுதவில்லை, போன் செய்து ஆறுதல் சொல்லவும் வேண்டாம். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் அம்மா,
ஆர்டிஸ்